வெள்ளிக்கிழமைச் சேவல்

"ஒங்க வீட்டுல நாங்க கை நனைக்கலாமா, மதினி?"

தேயிலைக் கொழுந்து நிறுக்கும் இடத்தில், பத்துப் பேர் காதுபடச் சூசையம்மா ஒருநாள் இப்படிக் கேட்டுவிட்டாள். சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். ஆனால் சண்முகவடிவுக்கு உச்சந்தலை வரை ஏறிவிட்டது. அவள் மகள் ஜெயலெட்சுமியைச் சூசையம்மாவின் மகன் அருளப்பனுக்குக் கொடுப்பதாகப் பேச்சு. அவனைத் தவிர வேறு எவனுக்கும் கழுத்தை நீட்டமாட்டேன் என்று மகள் ஒற்றைக்காலில் நிற்கிறாள். அதற்காக, சேசுவைக் கும்பிடும் ஒரு வேதக்காரி தன் வீட்டுச் சோற்றைச் சந்தேகப்படுவதா?

"ஏன் நனைக்கக்கூடாது? வெள்ளிக்கெழம அந்திக்கு வாங்க. வயிறு முட்டப் போடுறேன்!"

வெள்ளிக்கிழமை நல்ல நாள் என்று வாயில் வந்துவிட்டது. வரிசை வீடுகளான லயத்துக்குத் திரும்பிய பிறகுதான் உறைத்தது. வெள்ளிக்கிழமை அவள் அடுப்பில் முட்டைகூட ஏறாது. வேதக்காரர்களோ கறியில்லாமல் சோற்றைத் தொடமாட்டார்கள். இது லயத்தில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. மரக்கறி போட்டால், "மனசில்லாம போட்டா" என்று தோட்டம் முழுக்கச் சொல்லமாட்டாளா அவள்?

சண்முகவடிவின் கண் கூடைக்குள் இருந்த சேவல்மேல் விழுந்தது.

"ஏ புள்ள, அது முனியாண்டிக்கு நேர்ந்தது!" என்று பதறினான் புருசன் லெட்சுமணன். காய்ச்சல் வருசத்தில் ஜெயலெட்சுமி பிழைத்ததற்காக விட்ட சேவல் அது.

"முனியாண்டி ஆடி வரைக்கும் பொறுத்துக்குவாரு. சூசையம்மா பொறுப்பாளா?"

வெள்ளிக்கிழமை அந்தியில் சூசையம்மாவும் அருளப்பனும் வந்தார்கள். நடுவில் வெற்றிலை பாக்கு, பூ, தேங்காயோடு தாம்பூலத் தட்டு இருந்தது. சாப்பிட்டு முடித்து மாப்பிள்ளையின் தாய் அந்தத் தட்டை எடுத்துக்கொண்டால் சம்பந்தம் முடிந்தது என்று அர்த்தம்.

சண்முகவடிவு மூச்சைப் பிடித்துக்கொண்டு இலையில் கோழிக்கறியை அள்ளி வைத்தாள். சூசையம்மா கையைப் பின்னுக்கு இழுத்தாள்.

"ஐயோ மதினி, இன்னைக்கி வெள்ளிக்கெழம! சேசு சாமி பாடுபட்ட நாளு. நாங்க கறி தொடமாட்டோம்."

"நீங்களுமா தொடமாட்டீங்க?" சண்முகவடிவு அகப்பையைச் சட்டியில் போட்டாள். "நாங்கதான் தொடமாட்டோம்! ஒங்களுக்காகத்தானே இந்தப் பாவத்தச் செஞ்சேன்? வெள்ளிக்கெழமையையும் எங்ககிட்டருந்து எடுத்துக்கிட்டீங்களா?"

அருளப்பன் இலையில் இருந்த தொடைக்கறியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"கோவிச்சுக்காதீங்க. கருவாடு இருந்தாப் போதும். மீனு ஆகும்," என்றாள் சூசையம்மா.

"கோழி ஆகாது, மீனு ஆகுமா? கோழிக்கு மட்டுந்தான் உசுரு இருக்குதா?"

கேட்டாளே தவிர, வீட்டுக்கு வந்தவர்களைப் பட்டினி போட முடியுமா? பக்கத்து வீட்டுக் காம்பராவில் இருந்த வேலாயியிடம் கருவாடு வாங்கி வந்தாள். காலையில் சாணி மெழுகிக் கோலம் போட்ட அடுப்பிலேயே, கண்ணை மூடிக்கொண்டு பொரித்தாள். வாசம் லயத்தின் கடைசி வீடு வரைக்கும் போனது. வாசலில் தலைகள் முளைத்தன.

"வடிவு வீட்டுல வெள்ளிக்கெழம கருவாடாம்டி!" என்று வேலாயி ஊருக்கே ஒலிபரப்பினாள். கருவாட்டைக் கொடுத்தவளே அவள்தான்.

ஒருவழியாகச் சூசையம்மா சாப்பிட ஆரம்பித்தாள். அப்போது பார்த்து, சட்டியில் மீந்த கறியைப் பார்த்து லெட்சுமணன் பெருமூச்சு விட்டான்.

"முனியாண்டிக்கு நேர்ந்த சேவலு. சாமிக்கும் இல்ல, மனுசருக்கும் இல்லாமப் போச்சு."

சூசையம்மாவின் கைச்சோறு இலையில் விழுந்தது. "என்னது! பேய்க்கு நேர்ந்ததையா எங்க எலையில வச்சீங்க? இதுக்குத்தான் கூப்புட்டீங்களா?"

"யாரப் பாத்துப் பேயிங்கறீங்க? என் புள்ளைய உசுரோட குடுத்த சாமியையா?"

"அந்தத் தட்ட நான் தொடமாட்டேன்!"

"தொட வேணாம்! ஏழு மல தாண்டிப் பொண்ணு தேடுங்க!"

உள்ளே தடுப்புக்குப் பின்னால் ஜெயலெட்சுமி விம்மினாள். சாமிக் குற்றம்தான் இப்படிப் பழிவாங்குகிறது என்று நடுங்கிய லெட்சுமணன், விபூதி போட்டுச் சாந்தி பண்ண மாயாண்டிப் பூசாரியைக் கூட்டிவர ஓடினான். "போங்க, அவரையும் கூட்டியாந்து இவுக வாயில விழ வைங்க!" என்று சண்முகவடிவு அவன் முதுகுக்குப் பின்னால் கத்தினாள்.

பூசாரி குனிந்து உள்ளே நுழைந்தார். விளக்கு வெளிச்சத்துக்குக் கண் பழகியதும் அவர் முகம் மலர்ந்தது.

"அட, சூசையம்மாவா! இந்தச் சம்பந்தம் கூடுனா சேவல் தாரேன்னு போன வாரந்தானே முனியாண்டிக்கு நேர்ந்துக்கிட்டீங்க? கூடிருச்சா?"

மென்றுகொண்டிருந்த அருளப்பனின் வாய் அப்படியே நின்றது. சண்முகவடிவு இடுப்பில் கையை வைத்துக்கொண்டு சூசையம்மாவைப் பார்த்தாள்.

சூசையம்மா எழுந்தாள். முக்காட்டை முகம் மறைய இழுத்துவிட்டாள். தாம்பூலத் தட்டை எடுத்து இடுப்போடு அணைத்துக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டாள்.