பின்தங்கிய நாற்பது ஏக்கர்

ஒரே ஒரு ஊரிலே, ராஜாக்கள் எல்லாம் போய் ஆபீசுகள் மட்டும் மிஞ்சியிருந்த காலத்திலே, முனிகிருஷ்ணன் என்று ஒரு பெருநிலக்கிழார் இருந்தார். நிலம் முப்பது சென்ட். அப்பன் பாட்டனுக்கு அதுகூட இல்லாததால் அவருக்கு அது பெருநிலம்தான்.

பிச்சாட்டூர் பக்கத்து மேட்டில், அவர் தெருவுக்கென்று கவர்மெண்ட் கொடுத்த துண்டுக் கொல்லைகள். மேட்டுக்குத் தண்ணி ஏறாது. பெண்டுகள்தான் ஆற்றிலிருந்து குடத்தில் ஏற்றுவார்கள். கீழே கால்வாயை ஒட்டி நாகபூஷணத்தின் நாற்பது ஏக்கர். அவர் திருப்பதியில் இருந்தார். நிலத்தில் வேலிக்காத்தான் முள் இருந்தது.

இந்நிலையில், விளைச்சல் ஏற்றத்தாழ்வை அடியோடு ஒழிப்பதென மேலிடம் முடிவெடுத்தது. ஊரில் எந்தப் பக்கம் பின்தங்கியதோ அந்தப் பக்கத்துக்கு இலவச போர்வெல். மேட்டுப் பக்கத்தில் விளைச்சலை அளவெடுக்க, குலுக்கலில் முனிகிருஷ்ணன் கொல்லை விழுந்தது.

பக்கத்துக் கொல்லை பழனி ஓடிவந்தான். "மாமா, கொஞ்ச நாளு தண்ணி ஊத்தாத. கடலை வாடட்டும். போரு நமக்குத்தான்."

"ஆபீசரு வந்தா?"

"நீயும் வாடிப்போயி நில்லு. நமக்கு இன்னா அது புதுசா?"

முனிகிருஷ்ணன் தலையாட்டினார். வீட்டுக்கு வந்ததும் மனசு கேட்கவில்லை.

"ஆயுசெல்லாம் அடுத்தவன் நெலத்துல கடலை புடுங்கனேன். இப்போ நம்ம கொல்லைய பாக்க ஆபீசரு வர்றாரு. பொண்ணு பாக்க வர்றப்ப மூஞ்சி கழுவாம உடுவாங்களா?" என்று பெண்சாதி கங்கம்மாளைக் கேட்டார்.

"கழுவுற தண்ணிய தூக்கறது நானு," என்றாள். ஆனாலும் தூக்கினாள்.

ஆபீசர் கோபிகிருஷ்ணன் வந்தார். கயிறு கட்டிச் சதுரம் பிடித்து, செடி பிடுங்கி, கடலையை நிறுத்து, போனில் ஏக்கராவுக்குக் கணக்குப் போட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் போட்டார்.

"சால பாகுந்தி, ரொம்ப நல்லா இருக்கு. மண்டலத்திலேயே முன்னேறிய பகுதி இதுதான்," என்று ஒரு சால்வையைப் போர்த்தினார்.

"சார், போரு?"

"நாகபூஷணம்காருக்கு. நாற்பது ஏக்கர்ல ஒரு கடலை இல்ல. பாவம், எவ்வளவு பின்தங்கிட்டார் பாருங்க. உங்களுக்கும் அவருக்கும் இவ்வளவு ஏற்றத்தாழ்வு இருந்தா நாடு தாங்குமா?"

முனிகிருஷ்ணனுக்கு நாகபூஷணத்தை நினைத்து நிஜமாகவே இரக்கம் வந்தது. சால்வை அப்படி.

தெருவே அவரை முறைத்தது. முறைத்த கண்கள் மெல்ல இறங்கிச் சால்வையில் நின்றன.

"சார்," என்றான் பழனி, "இவுரு கடலைய மட்டும் பாத்தா எப்டி? எங்க கொல்லைக்கும் வாங்க. கொத்துக்கொத்தா கீது."

"அவன் கெடக்குறான். என்னுத பாரு நைனா," என்று மணியம்மா அவனைத் தள்ளிவிட்டு முன்னால் வந்தாள்.

போய்ப் பார்த்தால், தெருவில் ஒரு கொல்லைகூட வாடியிருக்கவில்லை.

ஆபீசரின் பையிலிருந்த சால்வைகள் தீர்ந்தன. தெருவுக்கு வருவதாயிருந்த தண்ணீர்த் தொட்டியும், 'இப்பகுதியில் தண்ணீர்ப் பற்றாக்குறை அறவே இல்லை' என்ற மகிழ்ச்சியான முடிவின்படி, நாகபூஷணத்தின் வேலிக்காத்தானுக்கே ஒதுக்கப்பட்டது.

ஜீப் போயிற்று. ஒருவரையொருவர் வாழ்த்திக்கொண்டு தெருவும் கலைந்தது.

கங்கம்மாள் புருஷன் தோளிலிருந்த சால்வையை உருவி, சும்மாடாகச் சுருட்டித் தலையில் வைத்தாள்.

"இன்னொரு கொடம் கீது. முன்னேறினவங்க தூக்கலாமா, கூடாதா?" என்று கேட்டுவிட்டு, தன் குடத்தோடு ஆற்றுப்பக்கம் இறங்கினாள்.

முனிகிருஷ்ணன் சுற்றிலும் பார்த்தார். யாரும் இல்லை. குடத்தை எடுத்துக்கொண்டார்.

"பாத்துப் போ," என்றார், "சால்வ நனைஞ்சிடப் போவுது."

சொல்லிக்கொண்டே அவள் பின்னால் நடந்து போனார்.