இருபது அடிக் குடலும் ஒரு செம்புத் தண்ணீரும்

மனிதனுக்குச் சிறுகுடல் மட்டும் இருபது அடி நீளம் என்று புத்தகத்தில் படித்திருந்தேன். அதை மனதார நம்பியது ஈப்போவில், பெண் பார்க்கப் போன வீட்டின் கக்கூஸில்.

ரப்பர் விலை ஒருமுறை படுத்துவிட்டு மறுபடி எழுந்துகொண்டிருந்த காலம். செமோர் பக்கம் ஒரு தோட்டத்தில் நான் டிரெசர். அதாவது தோட்டத்து ஆஸ்பத்திரியில் புண்ணுக்குக் கட்டுப் போடுகிறவன், காய்ச்சலுக்குக் கொயினா கொடுக்கிறவன், டாக்டர் வராத நாட்களில் டாக்டர். (டாக்டர் பெரும்பாலும் வரமாட்டார்.) உடம்பைப் பற்றி எனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்று நம்பினேன். அந்த வயது அப்படி.

அந்த வருஷம் தோட்டத்து ஆட்கள் குடியிருந்த லயத்தில் பாதிப் பேருக்குக் கொக்கிப்புழு. சிறுகுடலின் சுவரைக் கவ்விப் பிடித்துக்கொண்டு ரத்தம் குடிக்கிற சனியன் அது. எல்லாருக்கும் புழு மருந்து கொடுத்தாக வேண்டும் என்று தொரை உத்தரவு போட்டார். மருந்தோடு விளக்கெண்ணெயும் குடிக்க வேண்டும். புழு மயங்கினால் மட்டும் போதாது, வெளியே போகவும் வேண்டுமே. அதற்குக் குறித்த ஞாயிற்றுக்கிழமையும் எனக்குப் பெண் பார்க்கக் குறித்த ஞாயிற்றுக்கிழமையும் ஒன்றாகப் போய்விட்டது.

பெண் பெயர் சரஸ்வதி. அப்பா ஈப்போ ஸ்டேஷனில் கிளார்க். அவளை நான் முன்பே ஒருதரம் பார்த்திருந்தேன். அப்பாவுக்குத் தூக்கில் சாப்பாடு கொண்டுவந்தவள், டிக்கெட் ஜன்னலில் நான் பர்ஸைக் காணோம் என்று சட்டை முழுக்கத் தடவிக்கொண்டிருந்ததைப் பார்த்து, "கையிலதான் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவள் போன திசையைப் பார்த்துக்கொண்டே நின்றதில் ரயில் போய்விட்டது. கட்டினால் இவளைத்தான் என்று அக்காவிடம் சொன்னேன். அப்பா அம்மா இல்லாத எனக்கு எல்லாம் பேசி முடிக்கிறவள் அக்காதான். அலையாய் அலைந்து அவர்களைச் சம்மதிக்க வைத்தாள். "தோட்டத்து மாப்பிள்ளைன்னு ஏற்கனவே முகத்தைச் சுளிக்கிறாங்க. அங்க வந்து ஏதாவது கோணங்கித்தனம் பண்ணினே, தொலைச்சுப்புடுவேன்" என்றாள்.

ஞாயிறு காலை மருந்துப் பெட்டி வரத் தாமதம். வெறும் வயிற்றோடு காத்திருந்த சனம் எரிச்சலில் இருந்தது. ஆட்களை மேய்க்கிற வீராசாமி கங்காணி முன்னால் வந்தார்.

"மொதல்ல நீங்க குடிங்க ஐயா. நாங்க பாக்குறோம்."

இதை நான் எதிர்பார்த்திருந்தேன். என் எனாமல் குவளையில் சர்க்கரைத் தண்ணீர் தயாராக இருந்தது. (மூளை என்றால் அது மூளை.) எடுத்து வாயருகே கொண்டுபோனேன்.

"நில்லுங்க. உங்க குவளைய எனக்குக் குடுங்க. என் குவளைய நீங்க குடிங்க. ரெண்டும் ஒரே மருந்துதானே?"

"ஒரே மருந்துதான்" என்றேன். வேறு என்ன சொல்லித் தொலைப்பது? மாட்டேன் என்றால் மொத்த லயமும் திரும்பிப் போய்விடும்.

கங்காணி வாட்டசாட்டமான ஆள். அவர் உடம்பைப் பார்த்து விளக்கெண்ணெயைத் தாராளமாக ஊற்றியிருந்தேன். அதைக் குடித்தேன். அவர் என்னுடையதைக் குடித்துவிட்டு மீசையைத் துடைத்துக்கொண்டு, "அட, சர்பத்து மாதிரியில்ல இருக்கு!" என்றார். உடனே சனம் முண்டியடித்துக்கொண்டு வரிசையில் நின்றது. அந்த மருந்து நாள் பெரிய வெற்றி என்று தொரை என்னைப் பாராட்டினார்.

ரயிலில் ஒன்றும் நடக்கவில்லை. விளக்கெண்ணெய் இரைப்பையில் சாதுவாக இருக்கும். சிறுகுடலுக்குள் போய்ச் செரித்த பிறகுதான் அதற்குத் தன் வேலை ஞாபகம் வரும். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும், நமக்குக் கல்லுக்குடல் போலிருக்கிறது என்று பெருமைப்பட்டுக்கொண்டேன்.

பெண் வீட்டில் கேசரி வைத்தார்கள். மருந்து நாள் அலைச்சலில் முந்தின ராத்திரியிலிருந்து பட்டினி. ஒரு வாய் போட்டேன். காலியான இரைப்பையில் ஏதாவது விழுந்தால் கீழே பெருங்குடல் விழித்துக்கொள்ளும், மேலே சரக்கு வருகிறது, இடம் பண்ணு என்று. ஆண்டவன் செய்த ஏற்பாடு. அன்றைக்கு ஒருநாள் மட்டும் அதைத் தள்ளிப்போட்டிருக்கலாம்.

சரஸ்வதி கோப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு, கதவோரம் நின்றாள். நான் அவளைப் பார்க்கவில்லை. எதையும் பார்க்கிற நிலையில் இல்லை.

"தம்பி, மருத்துவம் படிச்சவரு வந்திருக்கீங்க" என்று அவள் அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "எனக்கு ரொம்ப நாளா ஒரு சந்தேகம். இந்த வயித்துக்குள்ள அப்படி என்னதான் நடக்குது?"

அக்கா என் காலைச் சுரண்டினாள். பேசு என்று அர்த்தம்.

"சாப்பிட்டது இரைப்பையில் கூழாகி, சிறுகுடலுக்கு வரும். அது இருபது அடி."

"இருபது அடியா! இந்த வயித்துலயா?"

"சுருண்டு சுருண்டு கிடக்கும். உள்ளே துவாலையில் இருக்கிற மாதிரி பொடிப்பொடியாக முளைகள் நீட்டிக்கொண்டிருக்கும். சத்தையெல்லாம் உறிஞ்சுவது அதுதான்."

"சரி, யாரு தள்ளிவிடுறது? எஞ்சின் வேணுமில்ல?"

"குடல் சுவரே தள்ளும். வளையம் வளையமாக இறுக்கும், பின்னால் இறுக்கி, முன்னால் தளர்த்தி..." இந்த இடத்தில் என் குடல் தானே முன்வந்து செய்து காட்டியது. நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"கூச்சப்படாதீங்க லா, சொல்லுங்க."

"பிறகு பெருங்குடல். வலப்பக்கம் ஏறி, குறுக்கே போய், இடப்பக்கம் இறங்கும். தண்ணீரை உறிஞ்சுகிற இடம். சாதாரணமாக அங்கே நிதானமாகத்தான் போகும்."

"சாதாரணமா இல்லேன்னா?"

"நிற்காது."

"ஓகோ, மெயில் வண்டி!" மனிதருக்கு ஒரே சந்தோஷம். "கடைசி ஸ்டேஷன்ல சிக்னல் இருக்குமே?"

"இரண்டு கதவு இருக்கிறது ஐயா. உள்கதவு நம் பேச்சைக் கேட்காது, அதுவாகத் திறந்துகொள்ளும். வெளிக்கதவு மட்டும்தான் நம் கையில்."

"உள்கதவு தொறந்துடுச்சுன்னா, வெளிக்கதவ எவ்வளவு நேரம் புடிச்சு வைக்கலாம்?"

"அது... ஆளைப் பொறுத்தது."

என் நெற்றியிலிருந்து வேர்வை கேசரியில் சொட்டியது. அக்கா அதை வெட்கம் என்று எடுத்துக்கொண்டு பெருமையாகச் சிரித்தாள். சரஸ்வதியின் அப்பா அடுத்த கேள்விக்குத் தொண்டையைக் கனைத்தார். அப்போது கதவோரத்திலிருந்து குரல் வந்தது.

"அப்பா, போதும். பின்னாடி போக அவருக்கு வழி விடுங்க."

வழியை அவர் விடுவதற்குள் நானே எடுத்துக்கொண்டேன்.

அந்தக் கக்கூஸுக்கு நாலு பக்கமும் தகரம். தகரத்துக்கு ரகசியம் காக்கத் தெரியாது. கூடத்தில் பேச்சு நின்றதும், அக்கா திடீரென்று மிகச் சத்தமாக மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்ததும் எனக்குக் கேட்டது என்றால், அவர்களுக்கு என்னென்ன கேட்டிருக்கும் என்று கணக்குப் போட்டேன். எல்லாம் போச்சு. இனி எந்த முகத்தை வைத்துக்கொண்டு உள்ளே போவது?

பின்வாசல் திறந்திருந்தது. அந்தப் பக்கம் சந்து. முன்வாசலில் கிடக்கும் செருப்பும் வேண்டாம், அக்காவும் வேண்டாம் என்று வெறுங்காலோடு நடந்தேன். சரஸ்வதியை இனி ஜென்மத்துக்கும் பார்க்கப்போவதில்லை என்று நினைத்தபோது அழுகை வந்தது. உண்மையிலேயே அழுதேன். ஒரு சீனத் தாத்தா கோழிக்குத் தீனி போட்டபடி என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

சந்துமுனைக்கு வந்தபோது வயிறு மறுபடி இறுக்கியது.

நின்றேன். முன்னால் ஸ்டேஷன், அரை மைல். பின்னால் அந்த வீடு. மானமா வேட்டியா என்று யோசிக்க அவகாசமில்லை. இருப்பதும் ஒரே வேட்டி. திரும்பி ஓடினேன்.

பின்வாசலில் சரஸ்வதி நின்றுகொண்டிருந்தாள். காலடியில் ஒரு செம்பு நிறையத் தண்ணீர்.

"போன சுருக்குல வந்துடுவீங்கன்னு தெரியும்" என்றாள். "இருபது அடின்னு நீங்கதானே சொன்னீங்க. அதுக்குள்ள எப்படித் தீரும்?"

முகத்தில் சிரிப்பே இல்லை. செம்பை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். அவளும் அக்காவோடு சேர்ந்து சத்தமாக மழையைப் பற்றிப் பேசுவது கேட்டது.

அடுத்த தை மாதம் கல்யாணம். "மாப்பிள்ளைக்கு விஷயஞானம் அதிகம்" என்று மாமனார் கடைசிவரை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டில் இன்றைக்கும் யாரும் கக்கூஸுக்குப் போவதில்லை. "மழையைப் பத்திப் பேசுங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து போவார்கள். பேரப்பிள்ளைகள் உட்பட.

எனக்குக் கோபம் வந்தால், இந்த வீட்டில் இனி இருக்கமாட்டேன் என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்புவேன். சரஸ்வதி தடுக்கமாட்டாள். ஒரு செம்பில் தண்ணீரை எடுத்துக்கொண்டுபோய்ப் பின்வாசலில் வைப்பாள்.

இதுவரை நான் சந்துமுனையைத் தாண்டியதில்லை.