சுத்தமான டிரினிடாட்காரர்

"அங்கிள், கிரேன் வேலைக்கு உள்ளூர்க்காரங்களுக்குத்தான் முதலிடம். நீங்க டிரினிடாட். ஆறு மாசம் கழிச்சு வந்து பாருங்க" என்று பிஸ்ராமின் விண்ணப்பத்தைத் திருப்பி நீட்டினாள் ஒடெஸ்ஸா.

கயானாவின் தலைநகர் ஜார்ஜ்டவுனில் எண்ணெய்க் கப்பல்களுக்கு ஆள் எடுக்கும் அலுவலகம் அது. ஆறு மாதம் காத்திருக்க பிஸ்ராமுக்கு வயது இல்லை. ஐம்பத்தைந்து ஆகிவிட்டால் எடுக்க மாட்டார்கள். அவருக்கு அடுத்த மாதம் ஐம்பத்தைந்து. டிரினிடாடில் அவர் கிரேன் ஓட்டிய எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையை மூடியதிலிருந்து யாரோ ஒருவருடைய வாடகைக் காரை ஓட்டிப் பிழைக்கிறார். இதை விட்டால் இனி கிரேனில் ஏற வழியே இல்லை.

"நானும் உள்ளூர்க்காரன்தான்மா" என்றார் தணிந்த குரலில். "இங்க பெர்பீஸ்ல பொறந்தவன்."

ஒடெஸ்ஸா பாஸ்போர்ட்டைப் புரட்டினாள். "டிரினிடாட்ல பொறந்ததா போட்டிருக்கே."

"எழுதினவங்க தப்பா எழுதிட்டாங்க."

எழுதச் சொன்னதே இவர்தான். எண்பத்தொன்பதில், கயானாவில் சம்பளம் பஸ் செலவுக்கே காணாத காலத்தில், படகேறிப் பக்கத்துத் தீவு நாடான டிரினிடாடுக்குப் போனவர். அங்கே கயானாக்காரன் என்றால் இளக்காரம். பழைய பிறப்புச் சான்றிதழை அடுப்பில் போட்டுவிட்டுப் புதிதாக ஒன்றை விலைக்கு வாங்கினார். பேச்சை மாற்றினார். கிறிஸ்துமஸுக்குக் கயானாக்காரர்கள் வைக்கும் பெப்பர்பாட் கறியை வைத்தால் பக்கத்து வீட்டுக்கு வாசனை போய்விடும் என்று அதையும் வீட்டில் தடை செய்தார்.

வரிசையில் பின்னால் நின்ற பெண்மணிக்கு இது நல்ல பொழுதுபோக்காகிவிட்டது. "எங்க, நான் ஒண்ணு கேக்கறேன். பெப்பர்பாட் மிச்சமாச்சுன்னா என்ன பண்ணுவீங்க?"

"ஃபிரிட்ஜ்ல வைப்பேன்."

வரிசை மொத்தமும் சிரித்தது. தினமும் அடுப்பில் ஏற்றிக் கொதிக்கவைத்து, வாரக்கணக்கில் வெளியிலேயே வைத்துச் சாப்பிடுகிற கறி அது. பிஸ்ராமின் அம்மாவும் அப்படித்தான் வைத்திருந்தார்.

"ஃபிரிட்ஜாம். இவரு டிரினிடாட்லகூட பொறக்கல, நிலாவுல பொறந்திருப்பாரு" என்றாள் பெண்மணி.

பிஸ்ராம் விடவில்லை. கயானாப் பேச்சைப் பேசிக் காட்டினாலாவது நம்புவார்கள் என்று ஆரம்பித்தார். டிரினிடாட் நண்பர்களைச் சிரிக்கவைக்க வருஷக்கணக்காகச் செய்து காட்டிய பேச்சு. வாய் கோணி, மூக்கால் இழுத்து, அதே மாதிரிதான் வந்தது. இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

"எங்களைக் கேலி பண்றீங்களா அங்கிள்?" ஒடெஸ்ஸாவின் முகம் இறுகிவிட்டது. "பொய் சொல்றார்னு நான் எழுதினா, வெளிநாட்டுக்காரங்க பட்டியல்லேர்ந்தும் உங்க பேரு போயிடும்."

"ஐயோ, இல்லம்மா. சத்தியமா இந்த ஊருதான்."

"அப்ப கூடப்பொறந்தவங்க யாராவது இருக்காங்களா? அவங்க ஒரு வார்த்தை சொல்லட்டும். இன்னிக்கே உள்ளூர்க்காரர்னு பதிஞ்சுடறேன்."

தம்பி இருக்கிறான். லோக்நாத். இருபத்தைந்து வருஷத்துக்கு முன் ஒரே ஒரு தடவை டிரினிடாடுக்கு வந்திருந்தான். பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து யார் என்று கேட்டதும், "புல்லு வெட்ட வந்த ஆளு" என்று வாய் கூசாமல் சொல்லிவிட்டார் பிஸ்ராம். நல்லவேளை, லோக்நாத் அப்போது உள்ளே கை கழுவிக்கொண்டிருந்தான். மறுநாள் காலையில் அவனாகவே அரிவாளை எடுத்துக்கொண்டு போய்த் தோட்டத்துப் புல்லை வெட்ட ஆரம்பித்தான். தங்கியிருந்த ஒரு வாரமும் வெட்டினான். சும்மா உட்காரத் தெரியாத பயல் என்று நினைத்துக்கொண்டார் பிஸ்ராம்.

அதற்குப் பிறகு போக்குவரத்து குறைந்து, நின்றே போய்விட்டது. நேற்று விமானத்திலிருந்து இறங்கியதும் தம்பியைக் கூப்பிட்டிருக்கலாம். வேலை கிடைத்த பிறகு கையில் எதையாவது வாங்கிக்கொண்டு போய் நிற்கலாம் என்று இருந்துவிட்டார். இப்போது நினைக்க வெட்கமாக இருந்தது. வேலை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் இன்று சாயங்காலமே போய்ப் பார்த்துவிட வேண்டும்.

எண்ணைக் கொடுத்தார். "முதல்ல நான் ரெண்டு வார்த்தை பேசிடறேனேம்மா."

"கூடாது அங்கிள். நீங்க வாயைத் திறந்தா அது சாட்சியே இல்லை." ஒடெஸ்ஸா ஸ்பீக்கரில் போட்டாள். "லோக்நாத்துங்களா? ஜார்ஜ்டவுன் ஆபீஸ்லேர்ந்து பேசறேன். பிஸ்ராம்னு ஒருத்தர், டிரினிடாட் பாஸ்போர்ட் வச்சிருக்கார். ஆனா அவர் நிஜத்துல பெர்பீஸ்ல பொறந்தவர், உங்க சொந்த அண்ணன்னு சொல்றாங்க. அதை விசாரிக்கறோம்."

அந்தப் பக்கம் கோழிகள் சத்தம் கேட்டது.

"பாஸ்போர்ட் விஷயமா விசாரிக்கறீங்களா?"

"ஆமா."

இத்தனை வருஷத்தில் தம்பியின் குரல் கொஞ்சமும் மாறவில்லை. பிஸ்ராம் கண்ணை மூடிக்கொண்டார்.

"யாரோ ஆகாதவங்க சொல்லியிருக்காங்க மேடம். அவரு சுத்தமான டிரினிடாட்காரரு, பாவம், அவரை ஒண்ணும் பண்ணிடாதீங்க. நான் அவரு வீட்டுல புல்லு வெட்டின ஆளுதான்."