ஜபல்பூர் போன இட்லி மாவு

எனக்குப் பொய் சொல்ல நன்றாக வரும். 'முடியாது' என்று சொல்லத்தான் வராது. இந்த இரண்டும் ஒரே ஆளிடம் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு எங்கள் வீட்டுப் பரணில் மூன்று மங்கி குல்லாக்கள் சாட்சியாக இருக்கின்றன. மூன்றும் ஆவடியில், ஏப்ரல் மாதத்தில், எங்களுக்கு மரியாதையாக வழங்கப்பட்டவை.

எட்டு வருஷம் இருக்கும். அப்போது ஆவடியில் மத்திய அரசு ஃபேக்டரியின் குவார்ட்டர்ஸில் குடியிருந்தோம். என் வீட்டுக்காரர் முருகேசனுக்கு ஃபேக்டரியில் மெஷின் ஷாப்பில் வேலை. மகள் நிலா மூன்றாம் வகுப்பு. நான் வீட்டிலேயே இட்லி மாவு அரைத்து விற்றுக்கொண்டிருந்தேன். பொழுதுபோகாமல் ஆரம்பித்ததாக வெளியில் சொல்லிக்கொள்வேன். (அதுவும் பொய்தான். என் மாமியார் ஊரிலிருந்து போன் பண்ணும்போதெல்லாம் "வீட்ல சும்மாதானே இருக்க" என்பார். அந்தச் 'சும்மா'வைத் தாங்க முடியாமல் ஆரம்பித்தது.) இரண்டே வருஷத்தில் முப்பது வீடுகளில் என் மாவுதான் இட்லியாக வெந்தது. பெரிய கிரைண்டர் ஒன்று வாங்கினேன். என் சம்பாத்தியத்தில் வாங்கிய முதல் பொருள். விடிகாலையில் அது ஓட ஆரம்பித்தால் எனக்குள் ஒரு திமிர் ஏறும். ஒளிப்பானேன், எனக்கு அந்தத் திமிர் பிடித்திருந்தது.

அதை இறக்கி வைக்கவே வந்து சேர்ந்தார் அந்தோணி சார்.

ஃபேக்டரியில் முப்பது வருஷத்துக்கு மேல் இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில் இருந்து ரிட்டயரானவர். அவர் கையைத் தாண்டி ஒரு கோணல் நட்டுகூட வெளியே போனதில்லை என்று என் வீட்டுக்காரர் பயபக்தியோடு சொல்வார். கோவில்பதாகையில் சொந்த வீடு கட்டிப் போயிருந்தார். மகளின் பிரசவத்துக்காகப் பெங்களூர் போன அவர் மனைவி, பேரனை விட்டுவர மனசு வராமல் அங்கேயே தங்கிவிட்டார். சார் தனியாகச் சமைத்துச் சாப்பிட்டார். இட்லி மாவு மட்டும் என்னிடம்.

ஒன்று விட்டு ஒரு நாள் அரைக் கிலோ. அதில் கால் கிலோ இட்லிக்கு, கால் கிலோ தோசைக்கு. இட்லி மாவில் வெந்தயம் கூடாது, தோசை மாவில் கண்டிப்பாக வேண்டும். உப்பை அவரே போட்டுக்கொள்வார். பிளாஸ்டிக் கவர் ஆகாது, அவருடைய தூக்குப் பாத்திரத்தில்தான் கொடுக்க வேண்டும். முட்டிவலி இருப்பதால் வீட்டில் கொண்டுபோய்த் தர வேண்டும். பெரிய கிரைண்டரில் கால் கிலோவைப் போட்டால் கல்லில் ஒட்டியது போகக் கைக்கு ஒன்றும் வராது. ஆகவே பழைய சின்ன கிரைண்டரைத் தூசி தட்டி, அவர் ஒருவருக்காகத் தனியாக ஓட்டி, கழுவி, மறுபடி ஓட்டி, மறுபடி கழுவி, ஸ்கூட்டியில் கோவில்பதாகை வரை போய்க் கொடுத்துவிட்டு வந்தேன். பெட்ரோலுக்குக்கூட அந்த மாவு கட்டுப்படியாகவில்லை.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். அவர் அந்த மாவைச் சும்மா சாப்பிட்டிருக்கலாம். மாட்டார். ஒரு கண்ணாடி ஜாடியில் ஊற்றி, பக்கத்தில் ஸ்டீல் ஸ்கேலை நிறுத்தி வைப்பார். எட்டு மணி நேரத்தில் எவ்வளவு பொங்கியது என்று நோட்டில் குறிப்பார். அடுத்த முறை நான் போகும்போது பாதி மாவு தூக்கில் திரும்பி வரும். பிடியில் நூல் கட்டி ஒரு சீட்டு தொங்கும். சிவப்பு மையில் 'ரிஜெக்ட்'. அதன் கீழே காரணம்: 'உயர்வு போதாது. எதிர்பார்த்தது இரண்டு அங்குலம். வந்தது ஒன்றரை.' இன்னொரு நாள், 'நிறம் மங்கல்.' ஒரு நாள் காரணமே இல்லை. 'யோசிக்கவும்' என்று மட்டும் எழுதியிருந்தார். (இரண்டு நாள் யோசித்தேன்.)

திரும்பி வந்த மாவுக்குப் பதில் புது மாவு கொடுத்தேன். ஏன் கொடுத்தாய் என்று கேட்காதீர்கள், எனக்கு 'முடியாது' வராது என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். ரிஜெக்ட் ஆனதை நாங்கள் சாப்பிட்டோம். பள்ளிக்கூடத்தில் 'எங்கள் வீட்டு உணவு' என்று நாலு வரி எழுதச் சொன்னதற்கு, 'எங்கள் வீட்டில் தினமும் ரிஜெக்ட் தோசை' என்று நிலா எழுதி வைத்தாள். மிஸ் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்.

அன்றைக்கு முடிவு செய்தேன். அந்தோணி சாரை நிறுத்திவிட வேண்டும். நேராகப் போய்ச் சொல்லிவிடு, அவர் என்ன கடித்தா விடுவார் என்றார் என் வீட்டுக்காரர். "சார், இனிமே உங்களுக்கு மாவு குடுக்க முடியாது, எனக்குக் கட்டுப்படி ஆகல" என்று கிரைண்டர் முன்னால் நின்று பத்து தடவை ஒத்திகை பார்த்தேன். கிரைண்டர் ஒரு மறுப்பும் சொல்லவில்லை.

சார் கதவைத் திறந்தார். "வாம்மா. இன்னிக்குக் கரெக்ட் டைம்" என்றார். அவர் வாயிலிருந்து நான் கேட்ட முதல் பாராட்டு அது. அதிலேயே பாதி பலம் போய்விட்டது.

"சார், இனிமே உங்களுக்கு மாவு..." என்று தொடங்கினேன். அவர் மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். முப்பது வருஷம் நட்டுகளைப் பார்த்த கண். "...குடுக்க முடியாது சார். அவருக்கு ட்ரான்ஸ்பர். ஜபல்பூர்."

ஜபல்பூர் எப்படி வாயில் வந்தது என்று இன்றுவரை தெரியவில்லை. பக்கத்து பிளாக்கில் யாரோ வடக்கே அந்த ஊர் ஃபேக்டரிக்கு மாற்றலாகிப் போனதாகக் காதில் விழுந்திருக்க வேண்டும். சார் தூக்கை வாங்கி உள்ளே வைத்துவிட்டு வந்தார். பிறகு, எப்போது ரிலீவிங் என்று கேட்டார். மாசக் கடைசி என்றேன். அங்கே குளிர் ஜாஸ்தியாச்சே என்றார். அவ்வளவுதான். திரும்பும்போது ஸ்கூட்டியில் பாட்டுப் பாடிக்கொண்டு வந்தேன்.

குவார்ட்டர்ஸில் ஆறு வருஷம் குடியிருந்தவள் நான். அங்கே ட்ரான்ஸ்பர் என்றால் ஒரு வீடு காலியாகப் போகிறது என்று அர்த்தம். வீட்டுக்குக் காத்திருப்பவர்கள் வரிசையில் நிற்கும் இடத்தில் அதைச் சொல்லிவிட்டு, விஷயம் கோவில்பதாகையைத் தாண்டாது என்று நம்பினேன் பாருங்கள், அந்த அறிவை மெச்சிக்கொள்ள வேண்டும்.

மறுநாளே ஒரு தம்பதி டேப்போடு வந்து எங்கள் சமையல்கட்டை அளந்தார்கள். பாத்ரூமில் தண்ணீர் கசியுமா என்று விசாரித்தார்கள். பின்னால் இருந்த முருங்கை மரம் என்னுடையதா, குவார்ட்டர்ஸோடு சேர்ந்ததா என்று அந்த அம்மாள் கேட்டார். அவர்கள் போனதும் பக்கத்து வீட்டுக் கலா அக்கா வந்தார். வியாசர்பாடிக்காரர், எனக்கு ஆவடியில் கிடைத்த முதல் சிநேகிதி.

"இன்னா செல்வி, ஊருக்கே தெரிஞ்சுகீது. பக்கத்து ஊட்டுக்காரி, எனக்கு ஒரு வார்த்த சொல்லல பாத்தியா" என்றவர் மேற்கொண்டு பேச முடியாமல் அழுதார். நானும் அழுதேன். அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். "திடீர்னு ஆயிடுச்சுக்கா" என்றேன். (முதல் பொய்க்கு ஒரு துணை வேண்டாமா?)

சாயங்காலம் என் வீட்டுக்காரர் வந்து, சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தார். கேன்டீனில் ஒவ்வொருவராக வந்து கை கொடுத்தார்களாம். எல்லாவற்றையும் சொன்னேன். ஒரு சொம்பு தண்ணீரைக் குடித்துவிட்டுக் கேட்டார், "மாவு குடுக்க மாட்டேன்னு சொல்றதுக்கு என்னை ஏண்டி ஊரை விட்டு அனுப்புற?"

மறுநாள் அவர், எதற்கும் இருக்கட்டும் என்று ஆபீஸில் போய், தன் பெயரில் நிஜமாகவே ஏதாவது ஆர்டர் வந்திருக்கிறதா என்று விசாரித்துவிட்டு வந்தார். இல்லை என்று தெரிந்தும், என்னைக் காட்டிக்கொடுக்க மனசு வராமல் யாரிடமும் அதைச் சொல்லவில்லை.

இதுவரை எனக்குச் சிரிப்பாகத்தான் இருந்தது. அந்த வாரம் சிரிப்பு போயிற்று. திங்கட்கிழமை முப்பது வீட்டுக்கு அரைத்தேன், இருபத்திரண்டு பேர்தான் வாங்கினார்கள். வியாழக்கிழமை பதினொன்று. ஊறப்போட்ட அரிசி அப்படியே நின்றது. காரணத்தைக் கலா அக்காதான் சொன்னார். அந்தோணி சார் முட்டிவலியோடு ஆவடி முழுக்க அலைந்து, நாலு கடை மாவை வாங்கி, நாலு ஜாடியில் ஊற்றி, ஸ்கேல் வைத்து அளந்து, மார்க்கெட் பக்கம் ஒரு கடையைத் தேர்ந்தெடுத்திருந்தார். குவார்ட்டர்ஸில் பாதிப் பேர் அவருக்குப் பழக்கம். என் வாடிக்கையாளர்கள் வீடு வீடாகப் போய், செல்வி போனபிறகு நீங்கள் திண்டாடக் கூடாது, இப்போதிருந்தே அங்கே வாங்கிப் பழகிக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருக்கிறார்.

வெள்ளிக்கிழமை பெரிய கிரைண்டரை ஓட்டவே இல்லை. சமையல்கட்டு அமைதியாக இருந்தது. ஒரே ஒருவரை நிறுத்தப் போய், என் கையால் நானே கடையை மூடிக்கொண்டேன். மறுபடியும் 'வீட்ல சும்மாதானே இருக்க' என்று கேட்க வேண்டிவரும் என்று நினைத்தபோது நிஜமாகவே பயந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு டீ சாப்பிட வரும்படி சார் சொல்லியனுப்பினார். அன்றைக்கு உண்மையைச் சொல்லியே தீர வேண்டும் என்றார் என் வீட்டுக்காரர். வாசலிலேயே சொல்லிவிடுவது என்று மூன்று பேருமாகக் கிளம்பினோம். வாசலில் இருபது ஜோடி செருப்பு கிடந்தது.

ஃபேக்டரிக்காரர்கள் யாரையும் சென்ட்-ஆஃப் இல்லாமல் ஊருக்கு அனுப்ப மாட்டார்கள். ஹாலில் வாடகை நாற்காலிகள். சுவரில் சார்ட் பேப்பரில் 'வாழ்த்தி வழியனுப்புகிறோம்'. கலா அக்கா, மெஷின் ஷாப் ஆட்கள், என் மாவு வாங்கியவர்கள், டேப் கொண்டுவந்த தம்பதி, எல்லோரும் இருந்தார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் கழுத்தில் மாலை விழுந்தது. பிறகு ஆளுக்கொரு சால்வை. அதன் பிறகு அந்தக் குல்லாக்கள். அளவு சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிடும்படி சார் சொன்னார். என் வீட்டுக்காரர் பெரியவர்கள் சொன்னால் தட்டாதவர். போட்டுக்கொண்டார். வெளியே நூறு டிகிரி. மங்கி குல்லாவுக்குள் வியர்வை வழிய, கையில் சமோசாத் தட்டோடு அவர் நிற்கிற போட்டோ இன்னமும் எங்களிடம் இருக்கிறது.

சார் பேச எழுந்தார். கையில் அந்த நோட்டு. தேதி வாரியாக என் மாவின் உயரத்தையெல்லாம் படிக்கப் போகிறார் என்று நடுங்கினேன். அவர் நோட்டைத் திறக்கவே இல்லை.

"சர்வீஸ்ல இருந்தப்ப நான் வேணாம்னு சொன்னா மெஷினே நிக்கும். ரிட்டயர் ஆனதும் எவனும் கேக்கறதில்ல. ஊட்ல சொன்னாலும் சரி, கடையில சொன்னாலும் சரி, போய்யான்றான். நான் சொன்னதுக்கு மதிப்பு குடுத்து ஒரு பொருள மாத்திக் குடுத்தது இந்தப் பொண்ணு ஒருத்திதான்" என்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

எனக்குத் தாங்கவில்லை. மாலையோடு எழுந்து நின்றேன். "சார், ட்ரான்ஸ்பர் எல்லாம் இல்ல சார். பொய்."

கடைசி வரிசையில் சமோசா கடிக்கிற சத்தம்கூட நின்றது. அப்படியானால் ஏன் சொன்னாய் என்று சார் கேட்டார்.

"உங்களுக்கு மாவு குடுத்துக் கட்டுப்படி ஆகல சார். அதச் சொல்ல வாய் வரல."

அவர் என்னைப் பார்த்தார். மாலையைப் பார்த்தார். குல்லா போட்டிருந்த என் வீட்டுக்காரரைப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"அரைக் கிலோ மாவ நிறுத்தறதுக்கு ஜபல்பூர் வரைக்குமாம்மா போவாங்க?"

முதலில் சிரித்தது கலா அக்கா. "அப்ப நீ போவலியா" என்று ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டார். பிறகு எல்லோரும் சிரித்தார்கள், டேப் தம்பதியைத் தவிர. அவர்கள் சமோசாவை அப்படியே வைத்துவிட்டுக் கிளம்பினார்கள். சால்வைகளைத் திருப்பிக் கொடுக்கப் போன என் வீட்டுக்காரரைக் கலா அக்கா தடுத்தார். போட்டது போட்டதுதானாம். சார் நோட்டைத் திறந்து, 'இரு தரப்புச் சம்மதத்துடன் நிறுத்தம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். என்னிடமும் ஒரு கையெழுத்து வாங்கினார்.

செவ்வாய்க்கிழமை காலை, அந்த முட்டிவலி எங்கே போனதோ, ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினார். கையில் ஜாடியும் ஸ்கேலும். "நான்தான எல்லாரையும் அந்தக் கடைக்கு அனுப்பிச்சேன். நானே கூட்டினு வரணும்" என்றார். என் பெரிய கிரைண்டர் மாவை என் சமையல்கட்டிலேயே வைத்து அளந்தார். மறுநாள் பச்சை மையில் 'பாஸ்' என்று எழுதிய சீட்டோடு பழைய வீடுகளுக்கெல்லாம் மறுபடி போனார். இரண்டு மாதத்தில் மறுபடி இருபத்தாறு வீடுகள் சேர்ந்துவிட்டன. அவர் மட்டும் என்னிடம் மாவு வாங்கவே இல்லை. நானே கொடுத்தபோதும், கையெழுத்துப் போட்டாகிவிட்டது என்று மறுத்துவிட்டார். மார்க்கெட் கடையில்தான் வாங்கினார். என்னிடம் வருவது இன்ஸ்பெக்‌ஷனுக்கு மட்டும். சம்பளம் கிடையாது, லீவும் கிடையாது. வாடிக்கையாளராக இருந்தவரை நிறுத்த முடிந்தது, இன்ஸ்பெக்டரை யாரால் நிறுத்த முடியும்?

இப்போது நாங்களும் கோவில்பதாகைக்கே வந்துவிட்டோம், அவர் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி. நிலா பிளஸ் ஒன் படிக்கிறாள். பரீட்சை அன்றைக்குத் தலைவலி என்று படுத்தால், "டாக்டர்கிட்ட போவமா, இல்ல ஜபல்பூரா?" என்பார் அவள் அப்பா. உடனே எழுந்துவிடுவாள். கல்யாண வீட்டுக்கு வரமுடியாது என்று நான் போனில் காரணம் சொல்ல ஆரம்பித்தால், பக்கத்தில் உட்கார்ந்து ரயில் மாதிரிக் கூவுகிறாள்.

போன மாதம் அந்த மார்க்கெட் கடைக்காரர் என்னைத் தேடிக்கொண்டு வந்தார். எட்டு வருஷமாகத் தாங்கிய முகம். பையிலிருந்து ஒரு கட்டுச் சிவப்புச் சீட்டை எடுத்து மேஜைமேல் வைத்து, சாரை எப்படி நிறுத்தினீர்கள் என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் மேலே 'யோசிக்கவும்' என்கிற சீட்டு இருந்தது. நேராகப் போய் உண்மையைச் சொல்லிவிடுங்கள், அதுதான் ஒரே வழி என்றேன். தலையை ஆட்டினார். அந்த ஆட்டலைப் பார்த்ததுமே, இவருக்கும் 'முடியாது' வராது என்று எனக்குப் புரிந்துவிட்டது.

நேற்று சார் வழக்கம்போல ஜாடியோடு வந்தார். முகம் வாடியிருந்தது. "பாவம்மா அந்தக் கடைக்காரர். குடும்பத்தோட துபாய்க்குப் போறாராம்" என்றார்.

நான் கிரைண்டரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. அப்படியானால் சென்ட்-ஆஃப் உண்டா சார் என்று கேட்டேன்.

"உண்டு" என்றார் சார், நோட்டைத் திறந்துகொண்டே. "ஆனா இந்தத் தபா மொதல்ல டிக்கெட்டக் காட்டச் சொல்லிட்டேன்."