நான் இலங்கையிலிருந்து வந்து குணமான கதை

போன மாதம் ஒரு நாள் முழங்கால் வலியை டாக்டரிடம் காட்டக் கிளம்பினேன். அவ்வளவுதான் வேலை.

மயூர் விஹாரிலிருந்து மெட்ரோ பிடித்து ஒரு பெரிய தனியார் மருத்துவமனைக்குப் போனேன். கீழ்த்தளத்தில் டோக்கன் கிடைத்தது, நாற்காலி கிடைக்கவில்லை. நிற்பதற்கு முழங்கால் சம்மதிக்கவில்லை. மாடியில் ஒரு கண்ணாடிக் கதவுக்குள் சோபா காலியாக இருந்தது. போய் உட்கார்ந்தேன். கதவில் ‘வெளிநாட்டு நோயாளிகள் பிரிவு’ என்று எழுதியிருந்ததை வெளியே வரும்போதுதான் படித்தேன். நான் எதைத்தான் நேரத்தோடு படித்திருக்கிறேன்?

கோட்டு போட்ட மேனேஜர் ஜூஸோடு வந்தார். என்ன தொந்தரவு என்று ஆங்கிலத்தில் கேட்டார். நான் இந்தியில் பதில் சொன்னேன். முப்பது வருஷம் தில்லியில் இருந்து நான் சம்பாதித்த இந்தி.

அவர் முகம் மலர்ந்தது. பக்கத்து மேஜைக்காரரிடம் திரும்பி, “பாரு, வர்றதுக்கு முன்னாடி நாலு வார்த்தை இந்தி கத்துக்கிட்டு வந்திருக்கார். பேச்சுல தமிழ் வாடை. இலங்கைக்காரர்தான்” என்றார்.

மறுத்திருக்க வேண்டும். வாயில் ஜூஸ் இருந்தது.

தமிழ் மொழிபெயர்ப்பாளருக்கு ஆள் போயிற்று. வந்தது காயத்ரி. எங்கள் எதிர் ஃபிளாட் பெண். வணக்கம் சொல்வதுபோல் குனிந்து முணுமுணுத்தாள்.

“அங்கிள், ப்ளீஸ், ஒண்ணும் சொல்லாதீங்க. நான் சேர்ந்ததுலேர்ந்து ஒரு தமிழ் பேஷண்ட்கூட வரல. இந்த மாசமும் வரலைன்னா என்னை எடுத்துடுவாங்க. அப்பாவும் வேலை இல்லாம வீட்லதான் இருக்கார், உங்களுக்கே தெரியும்.”

“அதுக்கு நான் இலங்கையாம்மா?”

“கொஞ்ச நேரம்தான், அங்கிள்.”

பொய்க்கு உடந்தையாவதா, ஒரு குடும்பத்தின் சோற்றில் மண் போடுவதா என்று நான் யோசித்து முடிப்பதற்குள் சக்கர நாற்காலி வந்துவிட்டது. என் மனசாட்சி எப்போதுமே கொஞ்சம் லேட்.

டாக்டர் இந்தியில் கேட்டார். காயத்ரி எனக்குச் சொன்னாள்: “எப்போலேர்ந்து பெயின், அங்கிள்?”

“தீபாவளிலேர்ந்து.”

அவள் டாக்டரிடம் இந்தியில், “அவங்க நாட்டுல நிறைய டாக்டருங்களைப் பார்த்தாராம். நம்ம ஆஸ்பத்திரி பேரைக் கேட்டதும் கிளம்பி வந்துட்டாராம்” என்றாள்.

நான் ஒன்றும் புரியாதவனாகச் சுவரைப் பார்த்தேன்.

டாக்டர் முழங்காலை அழுத்திப் பார்த்தார். “முட்டியைச் சொல்லி என்ன பிரயோஜனம்? இந்தத் தொப்பையைச் சுமக்கிறது அதுதானே? கடல் தாண்டி வந்ததுக்கு தினம் தெருமுனையைத் தாண்டியிருந்தாலே போதும்.”

“என்ன சொல்றார்?” என்று கடமைக்குக் கேட்டேன்.

“கொஞ்சம் வாக்கிங் போகணுமாம், அங்கிள். மத்தபடி... உங்களை ரொம்பப் பிடிச்சிருக்காம்.”

புரியாத மொழியில் திட்டு வாங்குவது சுலபம். புரிந்துகொண்டே சிரிப்பதற்குப் பயிற்சி வேண்டும். என் அலுவலகம் எனக்கு வேறு எதைக் கற்றுத் தந்தது?

மருந்துச் சீட்டோடு வெளியே வந்தால் மேனேஜர் நிற்கிறார். “பாஸ்போர்ட், சார்?”

காயத்ரியின் முகம் வெளுத்துவிட்டது.

“நான் மயூர் விஹார்தான். தெரியாம உள்ள வந்து உட்கார்ந்துட்டேன். இந்தப் பொண்ணுக்கு ஒண்ணும் தெரியாது” என்றேன். முதல் பொய்யைத் திருத்தப் போய் இரண்டாவது பொய்.

மேனேஜர் என்னைப் பார்க்கவில்லை. கையிலிருந்த போனையே பார்த்தார்.

“இலங்கையிலேர்ந்து பேஷண்ட் வந்தாச்சுன்னு மேலிடத்துக்கு அனுப்பிட்டேனே. பெரியவர் பாராட்டிட்டார். இனிமே வரலைன்னு எப்படிச் சொல்றது?”

“அப்ப நான்?”

“அவர் குணமாகி ஊருக்குத் திரும்பிட்டார்.” என் கையிலிருந்த மருந்துச் சீட்டை மெல்ல உருவிக்கொண்டார். “இது அவரோடது. நீங்க கீழே போய் வரிசையில நில்லுங்க, அங்கிள்ஜி.”

கீழே என் டோக்கனைக் கூப்பிட்டு முடித்திருந்தார்கள்.

காயத்ரியின் வேலை நிலைத்துவிட்டது. வேறு வழியில்லாமல் போன வாரம் மறுபடியும் அங்கே போனேன். வரவேற்பறைத் திரையில் புதிதாக ஓர் உலக வரைபடம். குணமாகித் திரும்பிய நோயாளிகளின் நாடுகளில் எல்லாம் சின்னச் சின்ன விளக்குகள்.

இலங்கையில் நான் பளிச்சென்று மின்னிக்கொண்டிருந்தேன். அதற்கு நேர் கீழே, முழங்காலைத் தேய்த்துக்கொண்டு, டோக்கனுக்கு நின்றேன்.