மூன்று நிமிடத்தில் இருபத்தொரு வணக்கம்

மைக்கைக் கண்டால் நான் வேறு ஆள். வீட்டில் ஒரு நாளைக்கு இருபது சொல் பேசுகிற மனிதன் (அதில் பாதி, ஆமாம் என்பதற்கு நாங்கள் சொல்லும் "ஓம்" தான் என்பாள் மனைவி வசந்தி), மேடையில் ஏறினால் இறங்கத் தெரியாதவனாகிவிடுவேன். இதை இப்போதுதான் ஒப்புக்கொள்கிறேன். சில வருடங்களுக்கு முன்னால் யாராவது சொல்லியிருந்தால் பொறாமையில் சொல்கிறார் என்று நினைத்திருப்பேன்.

நாங்கள் பிரிட்டனில் செவன் கிங்ஸ் என்ற ஊரில் குடியேறி இருபது வருடமாகிறது. வார நாட்களில் பெற்றோல் நிலையத்தில் மேலாளர் வேலை. சனி ஞாயிறுகளில் பேச்சாளர். கோயில் திருவிழா, பழைய மாணவர் ஒன்றுகூடல், அறுபதாம் கல்யாணம் என்று எதற்குக் கூப்பிட்டாலும் போவேன். கூப்பிடாவிட்டாலும் மைக்குக்குக் கிட்டவாக நிற்பேன்.

நம்முடைய மேடைக்கு எழுதாத சட்டம் ஒன்று உண்டு. பேசத் தொடங்குமுன் வந்திருப்பவர்களை வரிசையாக விளிக்க வேண்டும். தலைவர் அவர்களே, பிரதம விருந்தினர் அவர்களே என்று தொடங்கி, ஒலிபெருக்கி பொருத்திய தம்பி வரைக்கும் போக வேண்டும். ஒருவரை விட்டாலும் போச்சு. ஒரு பிறந்தநாள் விழாவில், ஜெர்மனியிலிருந்து வந்திருந்த தாய்மாமனை விளிக்க மறந்துவிட்டேன். மனிதர் கேக்கைக்கூடத் தொடாமல் எழுந்து போனார். இரண்டு வருடம் என்னோடு பேசவில்லை. அன்றிலிருந்து நான் மிகக் கவனம். மண்டபத்துக்குள் நுழைந்ததும் முதலில் முகங்களை எண்ணிக்கொள்வேன். பேச்சை வீட்டிலேயே எழுதி வைத்துவிடுவேன். விளிப்பை மட்டும் எழுதுவதில்லை. யார் யார் வருவார்கள் என்று முன்கூட்டியே எப்படித் தெரியும்?

இந்தப் பழக்கம் யாருக்கும் கெடுதல் செய்யாமல் ஓடிக்கொண்டிருந்தது, டெஸ்மண்டின் விஷயத்தில் நான் தலையிடும் வரைக்கும்.

எங்கள் தெரு ஒரு பெரிய வீதியில் போய் முடிகிறது. வீதிக்கு இந்தப் பக்கம் நாங்கள். அந்தப் பக்கம் ஜி.பி. கிளினிக், குடும்ப வைத்தியர் இருக்கும் இடம். எங்கள் வாசலில் நின்றாலே அதன் கதவு தெரியும். பக்கத்து வீட்டில் குளோரியாவும் அவர் கணவர் டெஸ்மண்டும் இருக்கிறார்கள். சிறு வயதில் ஜமேக்காவிலிருந்து வந்தவர்கள். குளோரியா தாதியாக இருந்து ஓய்வு பெற்றவர். டெஸ்மண்டுக்குப் பக்கவாதம் வந்த பிறகு வாக்கரைப் பிடித்துத்தான் நடை. பேச்சும் ஒவ்வொரு சொல்லாகத்தான் வரும். காலில் ஆறாத புண் ஒன்றுக்கு மருந்து கட்ட, செவ்வாயும் வெள்ளியும் அவர் அந்த வீதியைக் கடக்க வேண்டும். பாதசாரிக் கடவை கிடையாது. இந்தப் பக்கத்து வாகனம் இரங்கி நின்றால் அந்தப் பக்கத்து வாகனம் நிற்காது. அது நிற்கும்போது இது பொறுமை இழந்து போய்விடும். பல நாள் அவர் வீதியோரத்திலேயே நின்றுவிட்டு வீட்டுக்குத் திரும்புவார்.

ஒரு பாதசாரிக் கடவை போட்டுத் தரும்படி கவுன்சிலுக்கு மனு எழுதியவர் குளோரியாதான். கையெழுத்துக்கு அவர் ஒரு பக்கம் போனார். எதிர் வீட்டுப் போலந்துக்காரர் மாரெக், மின்சார வேலை செய்பவர், இன்னொரு பக்கம் போனார். தமிழ் வீடுகள் என் பொறுப்பு. ஒரு வீட்டில் கதவைப் பாதி திறந்துகொண்டு, "அண்ணை, இதிலை கையெழுத்து வைச்சா விசாவுக்கு ஏதும் பிரச்சினை வருமோ?" என்று கேட்டார்கள். கேட்டவர் பிரிட்டிஷ் குடியுரிமை எடுத்துப் பதினைந்து வருடம்.

மனு ஏற்கப்பட்டது. கவுன்சில் குழுவின் கூட்டத்தில் எங்கள் சார்பில் ஒருவர் மூன்று நிமிடம் பேசலாம் என்று கடிதம் வந்தது. குளோரியாவின் முன்னறையில் கூடினோம். (அங்கே பேசியது ஆங்கிலம். என் காதில் விழுந்த தமிழில் தருகிறேன்.)

"நான் பேசினால் அழுதுவிடுவேன்" என்றார் குளோரியா.

"நான் பேசினால் சண்டையாகிவிடும்" என்றார் மாரெக்.

நான் தொண்டையைச் செருமினேன். "எனக்கு மேடைப் பழக்கம் உண்டு" என்றேன். எல்லோரும் நிம்மதியாகத் தேநீரைக் குடித்தார்கள். டெஸ்மண்ட் என் கையைப் பிடித்து, ஒரு சொல், இடைவெளி, ஒரு சொல் என்று, "நன்றி, நண்பனே" என்றார்.

ஒரு வாரம் எழுதினேன். மகள் தர்ஷினி தட்டச்சுச் செய்து, நான் வாசிக்கப் போனில் நேரம் பார்த்தாள். இரண்டு நிமிடம் ஐம்பத்திரண்டு விநாடி.

"பெர்ஃபெக்ட், அப்பா" என்றாள்.

வசந்தி மட்டும் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "இஞ்சருங்கோ, அங்கை போயும் இதை மட்டும்தான் பேசுவியளோ?"

"வேறை என்னத்தைப் பேசப் போறன்?" என்றேன். பொய் சொல்லவில்லை. விளிப்பைப் பேச்சில் சேர்த்தி என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை.

அந்த நாள் வந்தது. என் கல்யாணத்துக்குத் தைத்த கோட்டைப் போட்டுக்கொண்டேன் (பொத்தான் போடவில்லை, போட முடியவில்லை). கவுன்சில் மண்டபத்தில் வளைந்த மேசை. ஒன்பது கவுன்சிலர்கள், பக்கத்தில் அதிகாரிகள். ஒவ்வொருவருக்கும் முன்னால் பெயர்ப் பலகை. அந்தப் பலகைகள்தான் என்னைக் கெடுத்தன. பெயர் தெரியாதிருந்தால் பொதுவாக ஒரு வணக்கத்தோடு முடித்திருப்பேன். பெயர் தெரிந்த பிறகு எப்படி விடுவது? ஜெர்மனி மாமா என் கண் முன்னால் எழுந்து போனார்.

தலைவியம்மா என் பெயரைக் கூப்பிட்டார். எனக்கு முன்னால் ஒரு சின்னப் பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது. மைக் வேலை செய்கிறது என்று விளங்கிக்கொண்டேன்.

"இந்தக் கூட்டத்தைத் திறம்பட நடத்திக்கொண்டிருக்கும் பெருமதிப்புக்குரிய தலைவி அவர்களே" என்று ஆங்கிலத்தில் ஆரம்பித்தேன். அவர் புன்னகைத்தார். இடப்பக்கமிருந்து தொடங்கினேன். ஒவ்வொரு கவுன்சிலருக்கும் பெயர், பெயருக்கு முன்னால் ஒரு பாராட்டு. துடிப்பான, கனிவான, தொலைநோக்குடைய. ஒருவரின் பெயர் நீளம். பிழையாகச் சொல்லிவிட்டேன். மன்னிப்புக் கேட்டு, இரண்டாம் தரமும் பிழையாகச் சொல்லி, மூன்றாம் தரம் சரியாகச் சொன்னேன். அரைத் தூக்கத்தில் இருந்தவரை விளித்தபோது அவர் திடுக்கிட்டு, வாக்கெடுப்பு என்று நினைத்துக் கையைத் தூக்கினார். பிறகு வீதிப் பொறியியலாளர், சட்ட ஆலோசகர், குறிப்பெடுக்கும் இளைஞர் என்று அதிகாரிகள் எல்லோரும். விளக்கு மஞ்சளானது. ஒலியைக் கூட்டியிருக்கிறார்கள் என்று நினைத்து நானும் குரலைக் கொஞ்சம் உயர்த்தினேன். வாசலில் நின்ற காவலாளி. எங்கள் தாகம் தீர்க்கத் தண்ணீர் ஊற்றிவைத்த சகோதரி. பார்வையாளர் வரிசையில் இருந்த பெருமக்கள். வர விரும்பியும் வர இயலாமல் போனவர்கள்.

மூச்சு வாங்கிக்கொண்டு தாளை விரித்தேன். விளக்கு சிவப்பாக இருந்தது.

"நன்றி, மிஸ்டர் சிவநேசன்" என்றார் தலைவி. "உங்கள் மூன்று நிமிடம் முடிந்துவிட்டது."

"மேடம், நான் இன்னும் தொடங்கவில்லை."

யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். "விதி எல்லோருக்கும் ஒன்றுதான்" என்றார் தலைவி, அவருக்கே பாவமாக இருந்திருக்க வேண்டும். திரும்பிப் பார்த்தேன். குளோரியா தன் கைப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார். டெஸ்மண்ட் இரண்டு கையாலும் வாக்கரைப் பிடித்தபடி நேரே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு வந்தது வெட்கம் என்று சொன்னால் குறைத்துச் சொல்வதாகும். பயமாக இருந்தது. இந்த மனிதர் இன்னும் எத்தனை மாதம் அந்த வீதியோரத்தில் நிற்கப் போகிறாரோ. எல்லாம் நான் தண்ணீர் ஊற்றியவருக்கு வணக்கம் சொன்னதால்.

அப்போது அந்த நீளப் பெயர்க் கவுன்சிலர் கையை உயர்த்தினார். மனுக் கொடுத்தவர்களிடம் உறுப்பினர்கள் ஒரு கேள்வி கேட்கலாமாம். "உங்களுக்கு என்னதான் வேண்டும்?" என்று கேட்டார்.

நான் துள்ளி எழுந்தேன். "அருமையான கேள்வியைக் கேட்ட மதிப்புக்குரிய..."

பின்னாலிருந்து குளோரியா என் கோட்டைப் பிடித்து இழுத்தார். நோயாளிகளைக் கட்டிலில் இருத்திப் பழகிய கை. நான் உட்கார்ந்தேன். அவர் எழுந்தார்.

"என் கணவருக்குக் கிளினிக்கில் ஒன்பதரைக்கு நேரம்" என்றார். "கிளினிக் எங்கள் வாசலிலிருந்து தெரியும். நாங்கள் எட்டரைக்குப் புறப்படுகிறோம். போன செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு, வீதியோரத்திலிருந்தே திரும்பி வந்தோம். எங்களுக்கு ஒரு கடவை வேண்டும்."

உட்கார்ந்துவிட்டார். அழவில்லை. யாரும் சிரிக்கவுமில்லை. பொறியியலாளர் எதையோ எழுதிக்கொண்டார். அந்த இடத்தை நேரில் பார்த்து அறிக்கை தரும்படி அவருக்குச் சொல்லப்பட்டது.

திரும்பி வரும் பஸ்ஸில் எனக்கு ஜன்னலைத் தவிர வேறு எங்கும் பார்க்கத் துணிவில்லை. பாதி வழியில் டெஸ்மண்ட் பேசினார்.

"எல்லோருக்கும்... வணக்கம் சொன்னாய்."

"ஓம்" என்றேன், தமிழிலேயே.

"தண்ணீர் ஊற்றிய பெண்ணுக்கும்."

"ஓம்."

"எனக்குச் சொல்லவில்லை."

மனதுக்குள் வரிசையை ஒருமுறை ஓட்டிப் பார்த்தேன். உண்மைதான். வராதவர்களைக்கூட விளித்த நான், யாருக்காகப் போனேனோ அந்த மனிதரை விட்டுவிட்டேன். குளோரியா சிரிக்கத் தொடங்கினார். பஸ்ஸில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தார். டெஸ்மண்ட் சிரிக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கவுன்சில் கூட்டங்களைப் படம் பிடித்து இணையத்தில் போடுவார்கள் என்பது எனக்குத் தெரியாது. தர்ஷினிக்குத் தெரிந்திருந்தது. என் பகுதியை மட்டும் வெட்டி எடுத்து, வணக்கங்களை எண்ணி, "இருபத்தொன்று" என்று தலைப்பிட்டுக் குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டாள். அது டொரொன்டோ வரைக்கும் போய் வந்தது. வெம்பிளியிலிருந்து சபா அண்ணை (எனக்கு மேடைக்கலை கற்பித்த மூத்த பேச்சாளர்) போன் எடுத்தார்.

"தம்பி, பாத்தன். நல்லாத்தான் பேசியிருக்கிறாய். ஆனா உப தலைவரை நாலாவதாச் சொல்லிப்போட்டாய். அது பிழை."

கடவையைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை.

அன்றிலிருந்து வீட்டில் எனக்குப் பெயர் "அவர்களே". "அவர்களே, சாப்பாடு ஆறுது" என்பாள் வசந்தி. விருந்துகளில் நான் மைக்கை நோக்கி நகர்ந்தால் என் காதருகே வந்து "சிவப்பு" என்று ஒரே ஒரு சொல் சொல்வாள். திரும்பிவிடுவேன்.

அடுத்த வருடம் வசந்தகாலத்தில் கடவை வந்தது. வெள்ளைக் கோடுகள், இரண்டு பக்கமும் மினுங்கும் விளக்குகள். முதல் செவ்வாய்க்கிழமை எல்லோருமாகப் போனோம். இரண்டு பக்கமும் வாகனங்கள் மரியாதையாக நின்றன. டெஸ்மண்ட் வீதியில் இறங்கவில்லை. "போங்கள்" என்றார் குளோரியா. அவர் அசையாமல் என்னைப் பார்த்தார். பஸ்ஸில் பார்த்த அதே பார்வை. எனக்கு விளங்கியது.

"பெருமதிப்புக்குரிய டெஸ்மண்ட் அவர்களே" என்றேன், தமிழில், மேடைக் குரலில்.

தலையை ஒருமுறை அசைத்துவிட்டு இறங்கினார். யாருடைய உதவியும் இல்லாமல் அக்கரைக்குப் போனார். மாரெக் கை தட்டினார். நான் மூக்கைத் துடைத்துக்கொண்டேன்.

அத்தோடு முடிந்திருக்கும் என்று நினைத்தேன். முடியவில்லை. நான் அங்கே நின்றால், அப்படிச் சொல்லும் வரைக்கும் அவர் இறங்குவதில்லை என்று வழக்கமாகிவிட்டது. போன வெள்ளிக்கிழமை வேலைக்குப் பிந்திவிட்டதால் அவரைப் பார்த்துக் கையைக் காட்டிவிட்டு நான் பாட்டுக்குக் கடந்து ஓடினேன். அக்கரையில் ஏறித் திரும்பிப் பார்த்தால், கடவையில் ஒருவருமில்லை. இந்தப் பக்கம் ஏழெட்டுக் கார், அந்தப் பக்கம் ஒரு பஸ். எல்லாம் நிற்கின்றன. ஓரத்தில் வாக்கரோடு டெஸ்மண்ட், என்னையே பார்த்தபடி.

பஸ் ஓட்டுநர் தன் பக்கத்து ஜன்னலைத் திறந்து தலையை வெளியே நீட்டினார். தமிழர்தான், அந்த வழியில் தினமும் ஓடுகிறவர் போலிருக்கிறது.

"அண்ணை, அந்த மனுசனுக்குச் சொல்லித் துலையுங்கோ. என்ரை ஷிப்ட் முடியப் போகுது."

சொன்னேன். டெஸ்மண்ட் இறங்கி நடந்தார்.