என் காருக்கு வாங்கிய அலாய் வீல்

வில்லியனூர் மாதா கோயில் வாசலில், சொந்தபந்தம் அத்தனையும் பார்க்க, இன்னொருத்தர் காரின் கதவைப் பிடித்து நான் இழுத்துக்கொண்டிருந்த அன்றுதான் அந்த வைராக்கியம் பிறந்தது.

தப்பு என்மேல் இல்லை. என் சித்தப்பா மகள் கல்யாணத்துக்கு வந்து நின்ற கார்களில் பாதி வெள்ளை. அந்தப் பாதியில் பாதி, என் காரோடு ஒரே கம்பெனியில் பிறந்த சின்ன கார்கள். சாவியை அமுக்கினேன். 'கீக்' என்று பதில் வந்தது, வேறு மூலையிலிருந்து. நான் இழுத்த காருக்குள் ஒருவர் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். கண்ணாடியை இறக்கி, "சார், எங்கியாச்சும் போவணுமா?" என்று ரொம்ப மரியாதையாகக் கேட்டார். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும்.

என் மனைவி ஜோஸ்பின், எங்கள் சரியான காருக்குப் பக்கத்தில் நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதுதான், தன் செருப்புக்கே சிவப்பு நூல் கட்டி அடையாளம் வைத்திருப்பதாகச் சொன்னாள். பொதுவாகச் சொன்னாள். யாரையும் குறிப்பிடவில்லை.

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பெயர் பிரிட்டோ. வில்லியனூர் பக்கம் ஒரு பிளாஸ்டிக் பைப் கம்பெனியில் ஸ்டோர் சூப்பர்வைசர். சொந்த ஊர் ஏம்பலம். எங்கள் தெருவில் முதன்முதலில் கார் வாங்கியவன் நான். அது வந்த நாளில் தெருவே கூடி நின்றது. இப்போது எதிர்வீட்டில் ஒன்று, கோடிவீட்டில் ஒன்று, எல்லாம் வெள்ளை. முன்னோடிக்கும் பின்னால் வந்தவனுக்கும் வித்தியாசம் வேண்டாமா?

வித்தியாசம் என்றால் சக்கரம்தான் என்று முடிவு செய்தேன். கம்பெனி கொடுத்தது கறுப்பு இரும்பு வீல். மேலே மூடுவதற்கு பிளாஸ்டிக் வீல் கப். நாலு கப்பில் ஒன்று எங்கேயோ கழன்று விழுந்துபோனது. இரண்டாவது, பக்கத்து வீட்டு காசம்மாளிடம் தண்ணீர்த் தவலைக்கு மூடியாக இருக்கிறது. எப்படி அங்கே போனதென்று கேட்டால், ரோட்டில் கிடந்தது, அளவு சரியாக இருந்தது என்றார். இரண்டு கப்பை வைத்துக்கொண்டு ஒரு கார் எத்தனை நாள் கப்சிப் என்று ஓடும்? அலாய் வீல் போட்டே தீருவது என்று சபதம் எடுத்தேன். தீபாவளி போனஸ் வரவேண்டியதுதான் பாக்கி.

பாக்கி இன்னொன்றும் இருந்தது. ஜோஸ்பின்.

அவளுக்கு வேறு ஒரு ஆசை உண்டு. அவள் தாய்வீடு நல்லவாடு. கடலோரத்தில் பிறந்தவள். மீன் வறுத்தால் வாசனைக்கு தெருமுனை நாய்கூட எங்கள் வீட்டுப் பக்கம் திரும்பி உட்காரும். ஏம்பலம் கூட்டுரோட்டில் சாயங்காலம் ஒரு மீன் வறுவல் வண்டி போடவேண்டும் என்று கேட்டாள். நான் ஒரேயடியாக மறுத்துவிட்டேன். சூப்பர்வைசர் பெண்டாட்டி ரோட்டில் நின்று மீன் வறுப்பதா? என் கௌரவம் என்னாவது? அதற்குப் பிறகு அவள் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. நான் போட்ட போடு அப்படி என்று நினைத்துக்கொண்டேன்.

அப்படிப்பட்டவளிடம் அலாய் வீல் கேட்க வேண்டும். 'வீல்' என்று சொன்னதும் 'வீல்' என்று கத்துவாள். அதனால் ஒரு தந்திரம் செய்தேன். போனில் மூன்று படம் எடுத்து வைத்தேன். ஒன்று, தங்கக் கலரில், கல்யாண மண்டபத்து நாற்காலி மாதிரி. இன்னொன்று, பச்சையும் ஆரஞ்சுமாக, பார்த்தாலே வயிற்றைப் புரட்டும். மூன்றாவதுதான் எனக்கு வேண்டியது. கறுப்பில் வெள்ளி வெட்டு, ஐந்து கை விரித்த நட்சத்திரம். அவளை விட்டே அதைத் தேர்ந்தெடுக்க வைத்துவிட்டால், பிறகு அது அவள் ஆசை. நான் நிறைவேற்றி வைக்கும் கணவன்.

ரோட்டுப் பிடிப்பு, பிரேக், குடும்பப் பாதுகாப்பு என்று ஆரம்பித்து அரைமணி நேரம் பேசினேன். அவள் மிளகாய்க்குக் காம்பு கிள்ளிக்கொண்டே கேட்டாள். படங்களை ஒரு பார்வை பார்த்தாள். நட்சத்திரத்தைத் தொட்டாள்.

"இதே போட்டுக்குங்க. நல்லாத்தான் கீது."

நான் அசந்துபோனேன். அவள் மிளகாயிலிருந்து கண்ணை எடுக்காமல் ஒன்று மட்டும் கேட்டாள்.

"பழைய வீலு இன்னா ஆவும்?"

கடைக்காரன் எடுத்துக்கொண்டு விலையில் கொஞ்சம் குறைப்பான் என்றேன்.

"வேணாம். டயரோட நாலும் வூட்டுக்கு வரணும். அது எனக்கு."

ஊறுகாய் தீர்ந்த டப்பாவைக்கூடத் தூக்கிப் போடாதவள். அந்தப் புத்தி என்று எடுத்துக்கொண்டேன். எடுத்துக்கோ, மகராசியாக இரு என்றேன். மாதா படத்துக்கு முன்னால் நின்று சொல்லச் சொன்னாள். சொன்னேன். அன்று என் தந்திரத்தை நினைத்து எனக்கே என்மேல் மரியாதை வந்தது.

போனஸ் வந்த வாரமே வில்லியனூரில் இர்பான் கடைக்குப் போனோம். சுவர் முழுக்க அலாய். சிலந்தி வலை மாதிரி, பூ மாதிரி, காத்தாடி மாதிரி. இர்பான் எனக்குத் தெரிந்த பையன், விற்கிறவன் மாதிரியே பேசமாட்டான். இப்போது இருக்கிற அளவிலேயே போடலாம், பெரிசாகப் போட்டால் டயரின் பக்கவாட்டுக் கன்னம் ஒல்லியாகிவிடும், நம்ம ஊர் குழிக்குத் தாங்காது என்றான். கன்னம் ஒட்டினால்தானே ஸ்டைல் என்றேன். இரண்டு அளவு கூட்டிக் கேட்டேன். அது மட்கார்டில் உரசும் என்றான். பேரம் பேசி ஒரு அளவு கூட்டியதில் முடித்தோம். கழுத்து அளவு பார்த்துச் சட்டை எடுப்பவன்கூட அவ்வளவு நேரம் யோசித்திருக்க மாட்டான்.

ஜோஸ்பின் அலாய் பக்கமே வரவில்லை. கழற்றிப் போட்ட பழைய வீல்களைச் சுற்றிச் சுற்றி வந்தாள். டயரைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாள். நாலுக்கும் காற்று பிடித்துத் தரச் சொன்னாள்.

"தம்பி, அதோட போல்ட்டையும் ஒரு கவர்ல போட்டுக் குடுத்துடு."

இர்பான் ஒரு தரம் என்னைப் பார்த்தான். நான் கண்ணாடியில் என் புது வீலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு வந்த நாட்களை நான் எப்படிச் சொல்வேன். மாதா கோயிலுக்கே வண்டியைக் கொண்டுபோய் ஃபாதரிடம் மந்திரிக்கச் சொன்னேன். அவர் பானெட்டில் தீர்த்தம் தெளித்தார். சக்கரத்துக்கும் கொஞ்சம் தெளிக்கும்படி கேட்டுக்கொண்டேன். நாலு பக்கமும் குனிந்து தெளித்தார், பாவம், இடுப்பு வலிக்காரர். கம்பெனியில் மேனேஜர் அரிகரன் சார் தன் பெரிய காரிலிருந்து இறங்கி வந்து, "பிரிட்டோ, வண்டி ஜம்முனு இருக்கே" என்றார். அன்று மத்தியானச் சாப்பாடு எனக்கு இறங்கவே இல்லை, நெஞ்சு அவ்வளவு நிமிர்ந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை பல் தேய்க்கும் பிரஷ்ஷால் நட்சத்திரத்தின் ஐந்து கைகளையும் தேய்த்தேன். ஓட்டும்போது அலாயைப் பார்க்க முடியவில்லையே என்பது ஒன்றுதான் குறை. கடைக் கண்ணாடிகளில் பார்த்துக்கொண்டே போனேன்.

பழைய வீல்களை அவள் தம்பி அன்புராஜ் வந்து மினி வேனில் ஏற்றிக்கொண்டு போனான். செலியமேட்டில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறான். மழைக்காலம், இங்கே நனையும், அங்கே ஷெட்டில் இருக்கட்டும் என்றாள். நல்ல யோசனை என்று பாராட்டினேன்.

மழை வந்தது. கரும்பு டிராக்டர் ஓடி ஓடி உழுதுவைத்த ரோட்டில், கரிக்கலாம்பாக்கம் தாண்டி, தண்ணீருக்கு அடியில் ஒரு குழி எனக்காகக் காத்திருந்தது. முன் இடது வீல் இறங்கியது. 'டங்'. என்ன ஏது என்று நான் யோசிப்பதற்குள் பின் இடது வீலும் அதே குழியில் இறங்கியது. அந்த இரண்டாவது 'டங்' என் நெஞ்சில் கேட்டது. இறங்கிப் பார்த்தேன். முன்னால் இருந்த நட்சத்திரத்துக்கு ஒரு கை மடங்கியிருந்தது. பின்னால் இருந்ததில் விரிசல். இந்த முறை 'வீல்' என்று கத்தியது நான்தான்.

இர்பான் வந்து பார்த்தான். 'அப்பவே சொன்னேன்' என்று சொல்லவில்லை. சொல்லாமல் நின்றதுதான் வலித்தது. அதே மாடல் வர நாளாகும் என்றான்.

"ஒண்ணுக்கு டிக்கில கீற ஸ்டெப்னி போட்டுக்கலாம். இன்னொண்ணுக்குத்தான் அக்காகிட்ட பழைய வீலு கீதே அண்ணே."

ஆமாம், இருக்கிறதே. டெம்போவில் காரை வீட்டுக்குக் கொண்டுவந்து, ஜோஸ்பினிடம் பழைய வீலைக் கேட்டேன். அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நிதானமாகச் சொன்னாள், அதெல்லாம் வேலைக்குப் போயிருக்கிறது என்று.

வீல் எங்கே வேலைக்குப் போகும்? பஸ் பிடித்து செலியமேட்டுக்கு ஓடினேன். அன்புராஜ் பட்டறை வாசலில் நீலப் பெயின்ட் காயாமல் ஒரு தள்ளுவண்டி நின்றது. கண்ணாடிப் பெட்டி, கேஸ் அடுப்புக்கு இடம், மேலே தகரக் கூரை. நெற்றியில் 'ஜோஸ்பின் மீன் வறுவல்'. கீழே, அடையாளம் தெரியாமல் போகுமா, என் காரின் நாலு வீல். என் கார் மாடலிலேயே அடிபட்ட வண்டி ஒன்றின் அச்சைப் பழைய இரும்புக் கடையில் தேடி எடுத்து மாட்டியிருக்கிறான். போல்ட்கூட கச்சிதம்.

வீட்டுக்கு வந்து குதித்தேன். வீல் என்னுடையது என்றேன். மாதா படத்தைக் காட்டினாள். சரி, ஒரே ஒரு வீலாவது தா, என் வண்டி நிக்குது என்றேன்.

"ஒண்ணக் கழட்டுனா என் வண்டியும் நிக்கும். நாளைக்கு சாயங்காலம் கடை தொறக்கறேன். சங்கரா மீனுக்குச் சொல்லியாச்சு."

என் கௌரவம் என்று ஆரம்பித்தேன். ஆபீசுக்கு பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போவதும் கௌரவம்தானா என்று கேட்டாள். பிறகு அவளே ஒரு வழி சொன்னாள். காலையில் ஒரு வீலை நான் கழற்றி காரில் மாட்டிக்கொள்ளலாம். சாயங்காலம் கடை போடுவதற்குள் திரும்பக் கொண்டுவந்து வண்டியில் மாட்டிவிட வேண்டும். வாடகை கிடையாது, கட்டின புருஷன் என்பதால்.

ஒத்துக்கொண்டேன். காலையில் ஜாக்கி, சாயங்காலம் ஜாக்கி. காருக்கு வலது பக்கம் இரண்டு நட்சத்திரம், இடது பக்கம் இரண்டு கறுப்பு இரும்பு. வலது பக்கம் மாப்பிள்ளை, இடது பக்கம் பந்தி பரிமாறுபவன். கம்பெனியில் இடது பக்கத்தைச் சுவரோடு ஒட்டி நிறுத்திவிட்டு, வலது பக்கத்தை மட்டும் உலகத்துக்குக் காட்டினேன்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். முதல் நாள் சாயங்காலம், வீலை மாட்டிவிட்டு ஓடிவிடத்தான் நினைத்தேன். முடியவில்லை. அவள் கல்லில் மீனைப் போட்ட சத்தத்துக்கு பஸ்ஸிலிருந்து தலைகள் எட்டிப் பார்த்தன. கரும்பு வெட்டிவிட்டு வந்த ஆட்கள், டியூஷன் முடிந்த பிள்ளைகள், ஆஸ்பத்திரி நர்சம்மா, எல்லோரும் நின்றார்கள். ஜோஸ்பின் ஒரு கையால் புரட்டி, ஒரு கையால் எலுமிச்சை பிழிந்து, யார் எத்தனை துண்டு கேட்டார்கள் என்று ஒருதரம்கூட மறுபடி கேட்காமல் கொடுத்தாள். என் ஸ்டோரில் எனக்கு அந்தத் திறமை கிடையாது. வெங்காயம் நறுக்கிக் கொடுத்தேன். அரிகரன் சாரே குடும்பத்தோடு வந்து நின்ற அன்று நான் வண்டிக்குப் பின்னால் ஒளியப் போனேன். அவர் இரண்டாவது தட்டு கேட்டார். நான் வெளியே வந்து, "என் மிஸஸ்தான் சார்" என்றேன். அலாய் போட்ட அன்றுகூட நெஞ்சு அவ்வளவு நிமிரவில்லை.

இரண்டு நட்சத்திரம் வந்துவிட்டது என்று இர்பான் போன் செய்தபோது என்னிடம் போனஸ் எப்போதோ கரைந்திருந்தது. ஜோஸ்பின் தானே வாங்கித் தருவதாகச் சொன்னாள். மீன் காசில். காரை வீட்டில் விட்டுவிட்டுப் போகச் சொன்னாள், அன்புராஜ் வந்து மாட்டிவிடுவான் என்று. அன்று பஸ்ஸில் தொங்கினதுகூட எனக்கு ஊஞ்சல் மாதிரி இருந்தது.

சாயங்காலம் வீட்டு வாசலில் என் கார் நின்றது. நாலு வீலும் ஒரே மாதிரி. நாலும் கறுப்பு இரும்பு.

கூட்டுரோட்டுக்கு ஓடினேன். மீன் வண்டியைச் சுற்றிக் கூட்டம். கீழே நாலு நட்சத்திரம் டியூப்லைட்டில் தகதகத்தது. பசங்கள் குனிந்து போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். என்ன அநியாயம் இது என்று அவள் காதருகே போய்க் கேட்டேன். அவள் மீனைப் புரட்டினாள்.

"உங்க வண்டி குழில ஓடுது. என்னுது ஒரே எடத்துல நிக்குது. இந்த வீலு நிக்கிற வண்டிக்குத்தாங்க தாங்கும்."

அதற்குள் பைக்கில் வந்த ஒருவர் கேட்டார், வண்டி சூப்பரா இருக்கே, இந்த வீல் யார் செலக்ஷன் என்று. ஜோஸ்பின் என்னைக் கைகாட்டி, எங்க வூட்டுக்காரர் செலக்ஷன் என்றாள். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டேன்.

அவள் அவருக்குத் தட்டை நீட்டிக்கொண்டே சொன்னாள்:

"மீனு மட்டும் நானே பாத்து வாங்கினது. தைரியமா சாப்புடுங்க."